இரவல் உரலும் மாத்தளை மிளகும்

1997

பெப்ரவரி 3, திங்கள்

வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றவும் விடவில்லை. வாசலிலேயே மலரின் கேள்வி. "அம்மாவுக்குக் கப்பல் கிடைக்காட்டி எனக்கு ஆர் சரக்கு வைச்சுத் தாறது?"

பிள்ளை ஏப்ரல் கடைசியில்தான். இப்போதே சரக்குக் கறிக்கு அழுகை. நான் பகிடியாக, "கடையிலை வாங்குவம்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், தேத்தண்ணீரும் இல்லை, பேச்சும் இல்லை.

அவள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மலருக்கு முப்பத்தாறு வயது, இது முதற்பிள்ளை. இரத்தம் காணாது, பால் குடியுங்கோ என்கிறார் டாக்டர். பாலின் மணம் பட்டாலே இவளுக்கு ஓங்காளம். சின்ன வயதிலிருந்தே பால், தயிர், நெய் ஒன்றும் ஆகாது. மீன், இறைச்சி, முட்டை எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. பிறகு எதைச் சாப்பிட்டு உடம்பு தேறுவது, எதைச் சாப்பிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுப்பது? மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் இடித்து, செத்தல் மிளகாயைக் கண்ணிலும் காட்டாமல், பிள்ளை பெற்றவளுக்கென்று வைக்கிற அந்தச் சரக்குக் கறிதான் கதி. அதை வைக்கத் தெரிந்த மாமி, மலரின் அம்மா, யாழ்ப்பாணத்தில்; நாங்கள் கொழும்பில். சண்டையால் தரைப்பாதை பூட்டு. ஆமியிடம் பாஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாவாம்.

கடைசியில் ரோசத்தில் சொல்லிப்போட்டேன். "மாமி வராட்டி நான் வைப்பன்."

"நீங்களோ? சுடுதண்ணி வைக்கத் தெரியாத ஆள்!" என்று மலர் சிரித்தாள். அது அவளுடைய சொந்த வசனமில்லை. எங்கள் கல்யாணத்தன்றே மாமி என்னைப் பார்த்துச் சொன்னது. சபையில், நாதஸ்வரக்காரருக்கும் கேட்க.

சரி. பார்ப்போம்.

பெப்ரவரி 8, சனி

புறக்கோட்டை நடைபாதையில் மலிவாக மிளகு வாங்கி வந்தேன். பெரிய வெற்றி என்று நினைப்பு. கீழ்வீட்டு ரபீக்காவிடம் உரல் இரவல் கேட்கப் போனபோது மிளகுக் கடதாசிச் சரையை வாங்கிப் பார்த்தா. ஒரு பிடி அள்ளித் தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டா. முக்கால்வாசி மிதந்தது.

"அண்ணா, இது பப்பாசிக் கொட்ட! மிளகு எங்க?"

அவவும் சிரித்து, அவவின் பிள்ளைகளும் சிரித்து, மேலே பல்கனியில் நின்ற மலரும் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்துக்குத் திரும்ப பஸ் ஏறிப் போய் அவனைப் பிடித்திருப்பேன். மலர்தான், "விடுங்கோ, பப்பாசி முளைச்சால் பழமாவது வரும்" என்றாள்.

உரல் கிடைத்தது. வார்ப்பிரும்பு உரல். தூக்கிக்கொண்டு மாடி ஏறியதில் இடுப்புப் பிடித்துவிட்டது.

பெப்ரவரி 9, ஞாயிறு

ரபீக்காவின் கணவர் மஹ்ரூப் நானாவுக்குக் கொட்டாஞ்சேனையில் பலசரக்குக் கடை. இன்று அவருடன் போனேன். மிளகுச் சாக்கை அவிழ்த்ததும் கடை முழுக்க மணம். நானா ஒரு மணியைப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக் காட்டினார். "மாத்தளைச் சாமான். கடிச்சா முதல்ல மணக்கணும், பொறகுதான் உறைக்கணும். முதல்லயே உறைச்சா அது பழசு."

நானும் கடித்தேன். மணந்தது. பிறகு உறைத்ததே, அப்பாடா! கண்ணில் தண்ணீர். நாற்பது வருடமாகச் செத்தல் மிளகாய் தின்று வளர்ந்த யாழ்ப்பாணத்து வாய் இந்தச் சின்ன மணியிடம் தோற்றுப்போனது. மிளகாய் நாக்கைச் சுடுகிறது, மிளகு தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது.

"எங்கடவங்களும் பிள்ள பொறந்தா மிளகுதான் குடுக்கிற. ஆனா கோழி போடுவாங்க" என்றார்.

"எங்கடையாளுக்குக் கோழியும் இல்லை, நெய்யும் இல்லை, பாலும் இல்லை நானா."

"அப்ப என்னதான் ஈக்கிற?"

"நான் இருக்கிறன்" என்றேன். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

பெப்ரவரி 16, ஞாயிறு

முதற் சமையல். படுதோல்வி.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கத்தரிக்காய், முருங்கைக்காய், உள்ளி, பழப்புளி, இடித்த தூள். கொதிக்கும்போது மணம் வாசல் வரை போனது. பார்த்தேன், குழம்பு வெளுத்துக் கிடந்தது. சிவப்பில்லாத குழம்பு என்ன குழம்பு என்று கை தன்பாட்டில் மிளகாய்த்தூள் பேணிக்குள் போய்விட்டது. ஒரு கரண்டி. போட்ட பிறகுதான் உறைத்தது, எதற்காக இந்தப் பாடெல்லாம் என்று!

மலர் ஒரு வாய் வைத்தாள். "இதைத் திண்டால் பிள்ளை இப்பவே வெளியிலை ஓடி வந்திடும்."

மிளகாய்த்தூள் பேணியை அலுமாரியின் மேற்தட்டில் வைத்துவிட்டேன். கதிரை போட்டு ஏறினால்தான் எட்டும்.

பெப்ரவரி 23, ஞாயிறு

மிளகாய் போடவில்லை. தண்ணீராக ஓடியது. கொஞ்சம் நெய் விட்டால் தடிக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோருக்கும் மலரா பெண்சாதி?

மார்ச் 1, சனி

பக்கத்து லொட்ஜில் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கிற ஆண்கள் ஒரு கூட்டம். அவர்களுக்குத் தலைவர் மாதிரி சவுந்தரநாயகம் மாஸ்டர். ஓய்வுபெற்ற தபாலதிபர், நோர்வேயில் மகன். கடைச் சாப்பாட்டில் வாய் செத்துப்போன ஆட்கள். இவர்களைவிட நல்ல பரிசோதனை எலிகள் எனக்கு எங்கே கிடைக்கும்? "புதுவிதமான மிளகுக் குழம்பு, வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டேன்.

இந்த முறை தடிப்புக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். உள்ளியை முழுசாக நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, அவித்த கத்தரிக்காயோடு சேர்த்து மசித்து, கடைந்து விட்டேன். நெய்யும் இல்லை, பாலும் இல்லை, குழம்பு கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. கண்டதும் தனிய நின்று கை தட்டினேன். பொய்யில்லை.

வாங்கில் வரிசையாக இருந்து சாப்பிட்டார்கள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும். இரண்டாந்தரம் சோறு போட்ட பிறகு மாஸ்டர் கையை நிறுத்தினார். மணந்து பார்த்தார். இன்னொரு வாய் வைத்தார்.

"பரா, உண்மையைச் சொல்லும். இது பிள்ளைப்பெத்தவையின்ரை கறியெல்லே?"

ஒருவன் இருமத் தொடங்கினான். மற்றவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். நான் தலையைச் சொறிந்தேன். மலர் அறைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள்.

"என்ரை மனுசி நாலு பிள்ளையளுக்கும் உதுதான் திண்டவ" என்றார் மாஸ்டர். "எனக்கு ஒருநாளும் தரேல்லை. இவ்வளவு உருசியெண்டு சொல்லவுமில்லை, கள்ளி!" சொல்லிவிட்டுக் கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் விடும்."

தள்ளி வைத்தவனும் கோப்பையை இழுத்துக்கொண்டான்.

மார்ச் 8, சனி

கூப்பிடாமலே வந்துவிட்டார்கள். மாஸ்டர் சொந்தக் கோப்பையோடு.

மார்ச் 20, வியாழன்

விடிகாலையில் சுற்றிவளைப்பு. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். மலருக்குக் கதிரை கொடுக்கச் சொன்னான் ஒரு சிப்பாய். இளம்பெடியன். பிறகு குசினிக்குள் போனான். உரலைப் பார்த்தான், உலக்கையைத் தூக்கிப் பார்த்தான். மிளகுத்தூள் பேணியைத் திறந்து மூக்கைக் கிட்டக் கொண்டுபோனான். எனக்குத் தெரியும் என்ன நடக்கப் போகிறதென்று.

தும்மினான். தொப்பி விழத் தும்மினான். வாசலில் நின்ற மற்றவன் துவக்கோடு ஓடி வந்தான்.

"கம்மிரிஸ், மாத்தயா, கம்மிரிஸ்!" என்று தெரிந்த சிங்களத்தில் கத்தினேன், மிளகு ஐயா, மிளகு என்று. மலரின் வயிற்றைக் காட்டினேன். "நோனாட்ட. பபா." மனுசிக்குத்தான், பிள்ளை என்று.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். மாத்தளைப் பக்கம்தானாம், வீட்டு முற்றத்துக் கமுகில் மிளகுக்கொடி படர்ந்திருக்கிறதாம். பேணியை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். அவர்கள் படி இறங்கிய பிறகு கதவைத் தாளிட்டேன். மலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தொப்பி விழுந்ததைப் பாத்தனீங்களோ?" என்றாள். சிரித்தோம். சிரித்து முடிய அவள் கொஞ்சம் அழுதாள். நானுந்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கப்பலில் வந்த ஒரு தெரிந்தவர் வீட்டுக்கு வந்து சொன்னார். மாமியின் பெயர் இந்தக் கப்பலிலும் இல்லை. அடுத்தது எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. மாமி சரக்குத்தூள் இடித்து, சீலையில் கட்டி, பேணியில் அடைத்து, ஆயத்தமாக வைத்திருக்கிறாவாம்.

மலர் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். சாப்பிடவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது? "நான் இருக்கிறன்" என்று கொட்டாஞ்சேனையில் சொன்னபோது சுலபமாக இருந்தது.

"நீர் பயப்பிடாதையும்" என்றேன்.

"உங்களைத்தான் நினைக்கப் பயமாக்கிடக்கு" என்றாள். ஆனால் திரும்பிப் படுத்தாள். அது காணும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. மஹ்ரூப் நானா குலை குலையாகப் பச்சை மிளகு கொண்டுவந்து தந்தார். கையில் எடுத்தால் சின்னப் பச்சை மணிமாலை. அதை லேசாகத் தட்டி, முதற்பாலும் இரண்டாம்பாலும் பிழிந்த தேங்காய்ப்பாலில் விட்டு, கறிவேப்பிலை, தேசிப்புளி. அவ்வளவுதான். மரவள்ளிக்கிழங்கை அவித்து அதில் தோய்த்துச் சாப்பிட்டோம். மாஸ்டர் வேட்டி சால்வையோடு வந்தார். ரபீக்கா பிள்ளைகளோடு வந்தா.

"மாட்டுப்பாலே போடாமப் பால் மாதிரி ஈக்குது" என்றா ரபீக்கா.

மலர் மூன்று தரம் போட்டுக்கொண்டாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. அல்லது எனக்கு அப்படித் தெரிகிறதா?

ஏப்ரல் 26, சனி

பெண்பிள்ளை! மத்தியானம் பிறந்தாள். இரண்டு பேரும் சுகம். என் மூக்கு, பாவம்.

ஏப்ரல் 30, புதன்

வீட்டுக்கு வந்து சேர்ந்தாகிவிட்டது. முதற் சரக்கு வைத்துக்கொண்டு போனேன். லொட்ஜ் முழுக்கப் புகழ்ந்த அதே குழம்பு. மலர் ஒரு வாய் வைத்தாள். துப்பவில்லை, விழுங்கினாள். பிறகு கோப்பையை வைத்துவிட்டாள்.

"கைக்குது."

"எல்லாரும் நல்லமெண்டு திண்டவை."

"அவை பிள்ளை பெறேல்லை."

பிள்ளை வீரிட்டு அழுகிறது. மலருக்குப் பால் காணாது. ரபீக்காவும் வந்து பார்த்துவிட்டு, "தாத்தா சாப்பிடணும் அண்ணா, இல்லாட்டிச் சரிவராது" என்று சொல்லிவிட்டுப் போனா. அவவுக்குத் தாத்தா என்றால் அக்கா, மலரைத்தான் சொல்கிறா. எனக்குத் தெரியாதா? இவ்வளவு நாளும் விளையாட்டுக் காட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசத் தெரிந்தவன் வீடு கட்டப் போனமாதிரி.

மே 1, வியாழன்

தொழிலாளர் தின விடுமுறை. குசினியிலேயே கிடந்தேன். ஏன் கைக்கிறது? மிளகு அதே மிளகு. தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் வைத்துப் பார்த்தேன். மல்லி சரி. சீரகம் சரி. எல்லாவற்றையும் ஒரே தாச்சியில் போட்டு வறுக்கிறேன். மல்லி பொரியிறதுக்குள் மிளகு கருகிவிடுகிறது. எங்கள் வாய் அந்தக் கருகலை உருசி என்று நினைத்திருக்கிறது. பச்சை உடம்புக்காரிக்கு அது கசப்பு.

இந்தமுறை மல்லியையும் சீரகத்தையும் மட்டும் வறுத்தேன். மிளகை வறுக்காமல் வெயிலில் போட்டு எடுத்து, தனியே இடித்து, குழம்பு இறக்குகிற நேரத்தில்தான் தூவினேன். உடனே மூடினேன். மூடியைத் திறந்தபோது நானாவின் கடைச் சாக்கு அவிழ்ந்த மணம்.

மலர் ஒரு வாய் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு வாய் வைத்தாள். கரண்டி கோப்பையில் முட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு விரலால் வழித்தாள்.

"சோறு இருக்கோ?" என்றாள்.

இருக்கோவாம்! பானையையே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மே 9, வெள்ளி

பிள்ளை குடித்துவிட்டு நித்திரை. மலர் சாப்பிட்டுவிட்டு நித்திரை. நான் இடிக்கிறேன், மெதுவாக, உரலுக்கடியில் சாக்கு மடித்துப் போட்டு.

மே 24, சனி

மாமி வந்துவிட்டா!

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிகிற முப்பத்தோராம் நாளுக்கு முன் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டா. கப்பலில் சத்தி எடுத்து, பஸ்ஸில் இருக்க இடமில்லாமல், மெலிந்துபோய் வாசலில் நின்றா. பேத்தியைத் தூக்கி மணந்துவிட்டு அழுதா. பிறகு பையைத் திறந்து, அந்தப் பேணியை எடுத்து மேசையில் வைத்தா. வெறும் பேணி.

"வாற வழியிலை ஒரு செக்பொயின்ரிலை கொட்டிப் பாத்தாங்கள், மோளே. நிலத்திலை. காத்தடிச்சுது. அவங்களும் தும்மி, நானும் தும்மி... இவ்வளவு நாளாப் பொத்திப் பொத்தி வைச்ச தூள். மண்ணோடை மண்ணாப் போச்சு." அதற்குத்தான் அதிகமாக அழுதா.

மலர் என்னைப் பார்த்தாள். நான் சோற்றையும் குழம்பையும் கொண்டுவந்து மாமிக்கு முன்னால் வைத்தேன்.

மாமி குழைத்தா. மணந்து பார்த்தா. சாப்பிட்டா. நான் உத்தரத்தில் பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆர் வைச்சது?"

"இவர்தான் அம்மா."

"உப்புக் காணாது" என்றா மாமி. பிறகு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டா.

மே 27, செவ்வாய்

துடக்குக் கழிந்தது. பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும். மாஸ்டர், "மிளகரசி" என்கிறார். அவருக்கு விசா கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோசத்தில் என்னவும் சொல்லுவார்.

யூன் 15, ஞாயிறு

குசினிக்காக மாமிக்கும் எனக்கும் சண்டை. மாமி, மிளகை வறுக்க வேண்டும் என்கிறா. நான் விடவில்லை. "என்ரை அம்மா, அவவின்ரை அம்மா எல்லாம் வறுத்தவை" என்கிறா. "அவை வறுக்கட்டும்" என்றேன். கதவடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு மலர், "ரெண்டு பேரும் சத்தம் போடாமல் சமையுங்கோ" என்று கட்டளை.

கடைசியில் இரண்டு சட்டி. மாமியுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. லொட்ஜ் ஆட்கள் இரண்டையும் துடைத்துவிட்டுப் போனார்கள். எது நல்லம் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கெட்டிக்காரர்கள்.

யூலை 12, சனி

மாமி இன்று ஊருக்கு வெளிக்கிட்டா. கோப்பாயில் மாமியின் தமையனின் மருமகளுக்கு ஆவணியில் பிள்ளை. இங்கே தன் வேலை முடிந்துவிட்டதாம்.

காலையில் பை கட்டும்போது என்னைப் பார்க்காமல், சீலையை மடித்தபடி சொன்னா. "தம்பி, உந்தத் தூளிலை கொஞ்சம் தருவியளோ? அங்கை மிளகு விக்கிற விலைக்கு..."

"வறுக்காத தூள் மாமி."

"தெரியும். தாங்கோவன்."

நேற்று இடித்த முழுவதையும் அந்தப் பழைய பேணியில் அடைத்து, மூடிக்கு மேல் சீலை கட்டிக் கொடுத்தேன். "செக்பொயின்ரிலை கேட்டால் நீங்களே திறந்து மணக்கக் குடுங்கோ. ஒருக்கால் தும்மினால் பிறகு கொட்ட மாட்டாங்கள்" என்றேன். மாமி முதல் தடவையாக என் பகிடிக்குச் சிரித்தா.

கோட்டையில் திருகோணமலை பஸ்ஸில் ஏற்றி, யன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். பேணியை மடியில் வைத்துக்கொண்டா. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுருக்கி, "நல்ல சரக்கு மணமாக்கிடக்கு. இஞ்சை கடையிலை வாங்கினனீங்களோ அம்மா?" என்று கேட்டா. பஸ் இரைகிறது, நான் இறங்கிவிட்டேன் என்று மாமி நினைத்திருக்க வேண்டும்.

"கடையிலையோ? என்ரை மருமோன் இடிச்சது."

நான் பின்வாசலால் இறங்கினேன். கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தேன். எங்கே இறங்கினேன், எப்படி நடந்தேன் என்று நினைவில்லை.

வீட்டில் மலர் கேட்டாள். "அம்மா போகேக்கை என்ன சொன்னவ?"

"உப்புக் காணாதாம்."

"அப்ப இனி வைக்க மாட்டியளோ?"

பேணி வெறுமை, சனிக்கிழமை, லொட்ஜ்க்காரர் வரப் போகிறார்கள். உரலை இழுத்துச் சாக்கின் மேல் வைத்தேன்.